காம்பினேஷன் மைக்ரோவேவ் ஓவன்: வாங்குவதிலிருந்து வறுத்தெடுப்பது வரை

மைக்ரோவேவ், கிரில், சூடான காற்று மூன்றும் ஒரே பெட்டியில் உள்ள காம்பினேஷன் ஓவன் வாங்கிய பலர் அதில் செய்வது இரண்டே வேலைதான்: பால் சூடாக்குவது, மீந்துபோனதைச் சூடாக்குவது. மற்ற பொத்தான்களை ஒருமுறை அழுத்திப் பார்த்திருப்பார்கள். கோழி வெளிறிப்போய் வந்திருக்கும், கேக் ரப்பராகியிருக்கும், அத்தோடு விட்டிருப்பார்கள். எந்தச் சூடு எந்த வேலையைச் செய்கிறது என்று தெரியாமல் தொடங்குவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. மூன்று சூடுகளையும் பிரித்தறியுங்கள்

மைக்ரோவேவ்: 2450 மெகாஹெர்ட்ஸ் அலை உணவிலுள்ள நீரை நேரடியாகச் சூடாக்குகிறது. மேற்பரப்பிலிருந்து சுமார் 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் அதன் வலு. அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு மெல்ல மெல்லப் பரவித்தான் சேர வேண்டும். உணவில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சுற்றியுள்ள காற்றும் சூடாகாது. அதனால் மைக்ரோவேவில் மட்டும் வைத்த உணவு பெரும்பாலும் பொன்னிறமாகாது.

கிரில்: மேலே உள்ள கம்பியின் அனல். அது நேராகப் படும் இடம் மட்டுமே சிவக்கும்.

கன்வெக்ஷன்: ஹீட்டரும் விசிறியும் சேர்ந்து சூடான காற்றைச் சுழலவிடுகின்றன. மேற்பரப்பு காய்ந்து, மொறுமொறுப்பாகி, நிறம் ஏறும். உள்ளே போவது மட்டும் மெதுவாக நடக்கும்.

காம்பி: மைக்ரோவேவுடன் கிரில்லோ கன்வெக்ஷனோ சேர்ந்து ஓடுவது. சில கருவிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டும், சில மாற்றி மாற்றி ஓட்டும். உள்பக்கத்தை மைக்ரோவேவ் பார்த்துக்கொள்ளும், வெளிப்பக்கம் காற்றின் பொறுப்பு. மைக்ரோவேவ் உள்ளேயிருந்து தள்ளிவிடும் ஈரத்தைச் சூடான காற்று மேலே உலர்த்திவிடுவதால்தான் இந்தக் கூட்டணி பலிக்கிறது.

2. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பெயரைப் பாருங்கள். மைக்ரோவேவும் கிரில்லும் மட்டும் உள்ள கருவிகளிலும் ‘காம்பி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் சூடான காற்று கிடையாது, கேக்கோ ரொட்டியோ செய்ய முடியாது. ‘கன்வெக்ஷன்’ என்ற சொல்லும், எத்தனை டிகிரி வரை போகும் என்ற எண்ணும் விவரப் பட்டியலில் இருந்தாக வேண்டும். உச்சம் 200 டிகிரி என்றால் கேக்குக்குப் போதும், ரொட்டியின் மேலோடு மந்தமாகத்தான் சிவக்கும். 230 அல்லது 250 வரை போவது நல்லது.

அடுத்தது, காம்பி முறையில் வெப்பநிலையையும் மைக்ரோவேவ் அளவையும் தனித்தனியாக நீங்களே வைக்க முடிகிறதா? எங்கள் கணக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். பல மாடல்களில் காம்பி 1, காம்பி 2 என்று கலவையை முன்கூட்டியே பூட்டி வைத்திருப்பார்கள். அது உங்கள் உணவுக்குப் பொருந்தாவிட்டால் மாற்ற வழியில்லை. நூறு ஆட்டோ மெனு, இருநூறு ஆட்டோ மெனு என்ற விளம்பரத்தைவிட இந்தச் சுதந்திரம் பல மடங்கு பயன்படும்.

லிட்டர் கணக்கைவிடச் சுழலும் கண்ணாடித் தட்டின் விட்டத்தைப் பாருங்கள். செவ்வகப் பாத்திரம் சுற்ற வேண்டுமானால் அதன் மூலைக்கு மூலை நீளம் உள்ளே அடங்க வேண்டும். 30க்கு 20 சென்டிமீட்டர் பாத்திரத்தின் மூலைவிட்டம் 36 சென்டிமீட்டர். பக்கங்களை மட்டும் அளந்து வாங்குபவர்களின் பாத்திரம் பாதிச் சுற்றில் சுவரில் முட்டி நின்றுவிடும். சுழல்தட்டு இல்லாத சமதள மாடல்களில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் பாத்திரம் அசையாது, அலையைக் கருவியே கலைத்துவிடுகிறது.

உயரத்தையும் மறக்க வேண்டாம். முழுக் கோழியைத் தாழ்வான ரேக்கில் வைத்த பிறகும் மேலே கிரில் கம்பிக்குச் சில சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். ஒட்டி நின்றால் மேல்தோல் கருகும், உள்ளே வெந்திருக்காது.

வாட் எண் இரண்டு இருக்கும்: கருவி இழுக்கும் மின்சாரம், உணவுக்குக் கொடுக்கும் மைக்ரோவேவ் சக்தி. சமையல் நேரத்துக்கு இரண்டாவதுதான் கணக்கு. அது பெரும்பாலும் 700 முதல் 1000 வாட்டுக்குள் இருக்கும்.

இன்வெர்ட்டர் (மின்வெட்டுக்கு வைப்பது அல்ல, மைக்ரோவேவ் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்று) உள்ள மாடலில் பாதிச் சக்தி வைத்தால் உண்மையிலேயே பாதிச் சக்தி தொடர்ந்து வரும். மற்றவற்றில் முழுச் சக்தி சில வினாடி ஓடி, சில வினாடி நிற்கும். உறைந்த இறைச்சியை இளக்கும்போதும், சாஸ், முட்டை போன்றவற்றைச் சூடாக்கும்போதும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடிக்கடி இந்த வேலை இருந்தால் கூடுதல் விலை தகும், இல்லையென்றால் தேவையில்லை.

3. இடமும் மின்சாரமும்

கருவியை வாங்குவதற்கு முன்பே இடத்தை அளந்து விடுங்கள். பின்பக்கம் பிளக், முன்பக்கம் கைப்பிடி, கதவு திறக்கும் பக்கம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேலேயும் பக்கங்களிலும் பின்னாலும் எவ்வளவு இடைவெளி என்று கையேட்டில் இருக்கும். கன்வெக்ஷன் ஓடும்போது வெளிச்சுவரும் நன்றாகச் சூடாகும் என்பதால் சாதாரண மைக்ரோவேவைவிட இதற்குக் காற்றோட்டம் அதிகம் வேண்டும். இடைவெளி குறைந்தால் அதிகச் சூட்டிலிருந்து கருவியைக் காக்க உள்ளே இருக்கும் தானியங்கி சுவிட்ச் சமையலின் நடுவில் கருவியை நிறுத்திவிடும். ‘தானாக அணைந்துவிடுகிறது’ என்ற புகார் பலவற்றுக்கு மேலே அடுக்கி வைத்த தட்டுகளே காரணம்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 2500 வாட் கருவி சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கும், எர்த் உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும் வயர், கன்வெக்ஷனில் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடிக்காது.

4. முதல் ஓட்டம்

உள்ளே இருக்கும் அட்டை, தெர்மோகோல், ஒட்டுத்தாள் எல்லாவற்றையும் எடுங்கள். ஆனால் உட்சுவரில், பெரும்பாலும் வலப்பக்கம், அட்டைபோலத் தெரியும் சிறு தகடு ஒன்று இருக்கும். அது மைக்கா. அலை வரும் வாயிலை மூடும் உறுப்பு. பேக்கிங் என்று நினைத்துப் பிய்த்தெடுப்பவர்கள் உண்டு, எடுக்கக் கூடாது.

ஜன்னலைத் திறந்து வைத்து, கன்வெக்ஷனில் மட்டும், உச்ச வெப்பநிலையில் 15 முதல் 20 நிமிடம் காலியாக ஓட்டுங்கள். ஹீட்டர்மேல் உள்ள பாதுகாப்பு எண்ணெய் எரிந்து லேசான புகையும் வாடையும் வரும். இதை முதலிலேயே முடிக்காவிட்டால் அந்த வாடை உங்கள் முதல் கேக்கில் ஏறும்.

காலியாக ஓட்டுவது கன்வெக்ஷனில் மட்டுமே. மைக்ரோவேவையோ காம்பியையோ காலியாக ஓட்டினால் அலையை உறிஞ்ச உள்ளே எதுவும் இல்லாமல் அது திரும்பிப்போய் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானையே சூடாக்கிக் கெடுக்கும்.

கருவி ஆறியதும் அதன் உண்மையான சக்தியை அளந்து பாருங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்ந்த நீர் ஒரு லிட்டர் எடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சக்தியில் சரியாக ஒரு நிமிடம் வைத்து, உடனே கலக்கி, மறுபடி அளங்கள். ஏறிய டிகிரியை 70ஆல் பெருக்கினால் ஏறத்தாழ வாட் கிடைக்கும். 11 டிகிரி ஏறினால் 770 வாட். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் எண் சற்றுக் குறைவாகவே வரும். இந்த எண்ணைக் கதவின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். நேரக் கணக்குக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

5. பாத்திரம்: முறைக்கு முறை மாறும்

மைக்ரோவேவில் அதற்கென்று குறியிட்ட பிளாஸ்டிக் போகலாம், உலோகம் கூடாது. கன்வெக்ஷனில் உலோகம் போகலாம், பிளாஸ்டிக் கூடாது. காம்பியில் இரண்டு கட்டுப்பாடும் சேர்ந்து வரும்: அலைக்கும் வழிவிட வேண்டும், 200 டிகிரியையும் தாங்க வேண்டும். சூட்டைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி, உலோக வேலைப்பாடு இல்லாத பீங்கான் ஆகியவைதான் கவலையில்லாதவை. சிலிக்கான் அச்சும் ஆகும், அதன் அடியில் போட்டிருக்கும் டிகிரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெலமைன் எதற்கும் ஆகாது.

கருவியோடு வரும் உலோக ரேக் காம்பிக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. அதைச் சரியாகச் சுழல்தட்டின் நடுவில் வையுங்கள், சுவரைத் தொடக் கூடாது. வேறு அடுப்பின் ரேக்கை மாற்றி வைப்பது, உலோக ரேக்கின் மேல் உலோகத் தட்டை வைப்பது இரண்டும் பொறி பறக்க வழி. இரு உலோகங்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியில்தான் பொறி தாவும்.

ஒரு பாத்திரம் மைக்ரோவேவுக்கு ஆகுமா என்று சந்தேகம் வந்தால், அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பை நீரும் வைத்து, முழுச் சக்தியில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் சரி. பாத்திரம் சுட்டால் அது அலையைத் தானே விழுங்குகிறது, வேண்டாம்.

இன்னொன்று: கன்வெக்ஷன் முடிந்த கையோடு பிளாஸ்டிக் டப்பாவில் ஏதாவது சூடாக்க நினைப்பது. முறையை மைக்ரோவேவுக்கு மாற்றியிருந்தாலும் கண்ணாடித் தட்டு இன்னும் 150 டிகிரிக்கு மேல் இருக்கலாம். டப்பாவின் அடி உருகி ஒட்டிக்கொள்ளும்.

6. எந்த உணவுக்கு எந்த முறை

பொத்தானைத் தொடும் முன் உணவைப் பார்த்து ஒரு கேள்வி: இது உப்பி எழ வேண்டியதா?

ஆம் என்றால் கன்வெக்ஷன் மட்டும். கேக், ரொட்டி, பிஸ்கட், பஃப் எல்லாம் இதில் அடங்கும். மாவு மெல்ல எழும்பி, எழும்பிய நிலையில் இறுக நேரம் வேண்டும். மைக்ரோவேவ் அந்த நேரத்தைக் கொடுக்காது. மாவு குபீரென்று எழும், இறுகுவதற்குள் அமுங்கும், ஆறியதும் ரப்பராகும். கூடவே, உலோக அச்சு அடியிலும் பக்கத்திலும் அலையைத் தடுப்பதால் மேல்பக்கம் மட்டும் தனியாக வேகும்.

உப்ப வேண்டாம், தடிமனாக இருக்கிறது, வெளியே நிறம் வேண்டும் என்றால் காம்பி: முழுக் கோழி, இறைச்சித் துண்டம், ஆழமான பாத்திரத்தில் அடுக்கிய உருளைக்கிழங்கு, உறைந்த ‘பை’ (மாவுக்குள் பூரணம் வைத்த பண்டம்).

ஏற்கெனவே வெந்திருக்கிறது, மேலே சிவந்தால் போதும் என்றால் கிரில். வெறும் சூடு வேண்டுமென்றால் மைக்ரோவேவ்.

7. நான்கு சமையல், நான்கு பாடம்

முழுக் கோழி, சுமார் 1.4 கிலோ. உறைந்த கோழி என்றால் முதலில் முழுவதுமாக இளக வேண்டும். பனிக்கட்டியைவிட நீர் அலையைப் பல மடங்கு உறிஞ்சும். அதனால் ஓரம் இளகியதும் அங்கேயே சூடு குவிந்து, நடுவில் பனியிருக்க ஓரம் வெந்துவிடும். முழுக் கோழிக்கு ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைப்பதே நல்லது. சிறு துண்டங்களை 30 சதவீதச் சக்தியில் இடையிடையே நிறுத்தி இளக்கலாம், ஆனால் இளக்கிய உடனே சமைத்துவிட வேண்டும்.

தோலைத் துணியால் ஒற்றி உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோல் முதல் கால் மணி நேரத்தை ஆவிவிடுவதிலேயே கழிக்கும். காலையும் இறக்கையையும் உடலோடு நூலால் கட்டுங்கள். மெலிந்த முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கருகுவது அவைதான்.

சுழல்தட்டின்மேல் கொழுப்பு சொட்டக் கண்ணாடித் தட்டு, அதற்குமேல் தாழ்வான ரேக், அதில் நெஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி கோழி. காம்பியில் 200 டிகிரியும் 300 வாட் அளவு மைக்ரோவேவும். 20 நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். தோல் மேல்பக்கமாக இருக்கும் இரண்டாம் பாதியில்தான் அது சிவக்கும். மொத்தம் 40 முதல் 50 நிமிடம் ஆகும், 35லேயே சோதிக்கத் தொடங்குங்கள்.

தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். 74 டிகிரி காட்ட வேண்டும். ஓரிடத்தில் பார்த்தால் போதாது, இரண்டு தொடையிலும் நெஞ்சிலும் பாருங்கள். மைக்ரோவேவ் சூடு திட்டுத்திட்டாக விழுவதால் ஒரு பக்கம் 80, மறுபக்கம் 65 இருப்பது சாதாரணம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே சூடு சமனாகும், சாறும் இறுகித் தங்கும்.

மைக்ரோவேவ் அளவை 600 வாட்டாக ஏற்றினால் இன்னும் சீக்கிரம் முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். ஆனால் தோல் சிவப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்து, சிவக்கும்வரை வைத்தால் நெஞ்சுக்கறி நாராகும். காம்பியில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது வெளிப்புறம்தான்.

தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, 200 கிராம் அளவில் இரண்டு. முள்கரண்டியால் எட்டு, பத்து இடத்தில் குத்துங்கள், இல்லாவிட்டால் ஆவி அடைபட்டு வெடிக்கும். 800 வாட்டில் 6 அல்லது 7 நிமிடம், பாதியில் ஒரு திருப்பு. வெளியே எடுத்து வைத்துவிட்டு, காலி ஓவனைக் கன்வெக்ஷனில் 220 டிகிரிக்குக் காயவிடுங்கள். கிழங்கில் எண்ணெய் தடவி, ரேக்கில் 12 முதல் 15 நிமிடம்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலில் தோலை மொறுமொறுப்பாக்கிவிட்டுப் பிறகு மைக்ரோவேவில் வேகவைத்தால், உள்ளேயிருந்து வரும் ஆவி அந்தத் தோலை மறுபடி நமத்துப்போகச் செய்துவிடும். எந்த உணவை இரண்டு கட்டமாகச் செய்தாலும் மைக்ரோவேவ் முன்னால், காற்று பின்னால்.

அடுக்கு உருளைக்கிழங்கு, 1 கிலோ, 3 மில்லிமீட்டர் வில்லைகள், மேலே பாலாடையும் சீஸும். பாத்திரத்தின் ஆழம் 5 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நடுவே அலை எட்டாது. காம்பியில் 180 டிகிரி, 300 வாட், 25 முதல் 30 நிமிடம். கத்தி தடையில்லாமல் இறங்கினால் கிரில்லில் 3 நிமிடம். சீஸைத் தொடக்கத்திலேயே முழுவதும் தூவாமல் பாதியைக் கடைசிக்கு வைத்திருங்கள்.

கேக், 20 சென்டிமீட்டர் அச்சு. கன்வெக்ஷன் 160 டிகிரி, கட்டாயம் முன்சூடு. தாழ்வான ரேக்கின்மேல் வையுங்கள், காற்று அடியிலும் சுற்ற வேண்டும். நேராகக் கண்ணாடித் தட்டில் வைத்தால் அடி வேகாது. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். இதன் உள்ளறை சிறியது, ஒருமுறை திறந்தாலே சூட்டில் பெரும்பகுதி வெளியேறிவிடும். உலோக அச்சு வைத்திருக்கிறீர்கள் என்பதால், தொடங்கும் முன் திரையில் மைக்ரோவேவ் குறி இல்லை என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

8. மற்ற குறிப்புகளை இந்த ஓவனுக்கு மாற்றுவது

மைக்ரோவேவ் குறிப்பு என்றால்: அதில் சொன்ன நேரத்தை அதில் சொன்ன வாட்டால் பெருக்கி, உங்கள் வாட்டால் வகுங்கள். 1000 வாட்டில் 4 நிமிடம் என்பது 800 வாட்டில் 5 நிமிடம். உணவின் அளவை இரட்டிப்பாக்கினால் நேரம் ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் மடங்கு. ஒரே சக்தியைக் கூடுதல் உணவு பங்கிட்டுக்கொள்கிறது.

விசிறி இல்லாத ஓவனுக்கு எழுதிய குறிப்பு என்றால் கன்வெக்ஷனில் 20 டிகிரி குறையுங்கள். அதே உணவைக் காம்பியில் செய்வதானால் வெப்பநிலையை அப்படியே வைத்து, நேரத்தில் பாதி ஆனதும் சோதிக்கத் தொடங்குங்கள்.

9. எங்கே சறுக்குகிறது

வெளியே கருகல், உள்ளே பச்சை: கிரில் காம்பியைக் கன்வெக்ஷன் காம்பி என்று நினைத்து ஓட்டியிருப்பீர்கள், அல்லது ரேக் உயரம் அதிகம்.

எல்லாம் வெந்தும் நிறமே இல்லை: ஓவனில் கூட்டம் அதிகம். துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இல்லையென்றால் காற்று நுழையாது, ஆவியில் வெந்ததுபோல ஆகிவிடும். மூடி போட்டிருந்தாலும் இதேதான்.

ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் சில்லென்று: உணவைத் தட்டின் நடுவில் குவித்திருப்பீர்கள். சுழலும்போது இடமே மாறாதது நடுப்பகுதிதான். வளையமாக, தடித்த முனை வெளிப்பக்கம் இருக்கும்படி அடுக்குங்கள்.

காய்கறியில் அங்கங்கே காய்ந்த புள்ளிகள்: உப்பை மேலே தூவி வைத்ததால். நீரில் கரைத்துச் சேருங்கள், அல்லது வெந்தபின் போடுங்கள்.

நீர் கொதிக்காததுபோல் அமைதியாக இருந்து, கரண்டி பட்டதும் பொங்கித் தெறிக்கிறது: வழவழப்பான கோப்பையில் நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகியிருக்கிறது. மரக்கரண்டி ஒன்றைப் போட்டுச் சூடாக்குங்கள், எடுக்குமுன் அரை நிமிடம் விடுங்கள். ஓட்டோடு முட்டையை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம்.

10. சுத்தமும், நிறுத்த வேண்டிய நேரமும்

கன்வெக்ஷன் முடிந்தபின் குளிர்விக்கும் விசிறி சில நிமிடம் ஓடும். அது நிற்கும்வரை பிளக்கை எடுக்காதீர்கள்.

கொழுப்புத் தெறிப்பை அன்றே துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த கன்வெக்ஷனில் அது சுவரோடு சுடப்பட்டுவிடும். ஒரு கிண்ணம் நீரை 5 நிமிடம் மைக்ரோவேவில் ஆவியாக்கி, மூடிய கதவுக்குள் 5 நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இரும்பு நார் வேண்டாம். மைக்கா தகட்டில் கொழுப்புக் கரியாகிப் படிந்தால் அந்த இடத்திலிருந்தே பொறி பறக்கும். தகடு கருகி ஓட்டையானால் அதே மாடலுக்கான புதுத் தகடு போட வேண்டும்.

கதவு கோணினால், கீல் ஆடினால், கதவின் ஓரப்பட்டை உடைந்தால் மைக்ரோவேவும் காம்பியும் ஓட்டக் கூடாது. வெளிமூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில், பிளக்கை எடுத்த பிறகும், உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். அதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.